சம்பந்தி தந்த ப்ரொப்பெல்லர்

பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் பரிசு மாற்றிக்கொண்ட அன்று பெண்ணின் அப்பா மெதெருக்குக் கிடைத்தது வழக்கமான மேல்கோட்டு அல்ல, கண்ணாடி போல மின்னும் ஓர் எஃகு ப்ரொப்பெல்லர். கொடுத்தவர் சம்பந்தி ஓராஸ்பாய். கஜகஸ்தானில் கப்சகாய் ஏரிக்கரையில் படகுச் சாமான் கடை வைத்திருப்பவர்.

"இருபத்தோரு பிட்ச், சம்பந்தி! ஒரு சுத்துக்கு இருபத்தோரு அங்குலம் பாயும். என் படகு இதைப் போட்டுத்தான் பறக்குது. அடுத்த மாசம் குடும்பத்தோட வர்றேன், உங்க ஏரியில ஒரு சவாரி போறோம்!"

மெதெருக்கு எல்லைக்கு இந்தப் பக்கம், மலை மேலுள்ள இசிக்குல் ஏரிதான் பிழைப்பு. கோடையில் சோல்பன்-அத்தா மணற்கரைக்கு வருகிறவர்களை மோட்டார் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார். பழைய ப்ரொப்பெல்லர் பாறையில் இடித்து மூளியாகிவிட்டதென்று சம்பந்தியிடம் போனில் புலம்பியதும் மெதெர்தான். அதனால் யாரையும் குறை சொல்லவும் வழியில்லை.

விருந்தாளிகள் வருவதற்கு முன்பே பரிசை மாட்டி, தனியாக ஓட்டிப் பார்த்தார். வேகம் எடுத்தால் படகு நீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதுவோ மூக்கை வானத்துக்குத் தூக்கி, பின்பக்கத்தை நாய் மாதிரி தண்ணீரில் வைத்து உட்கார்ந்துகொண்டது. இஞ்சின் சுற்றைக் காட்டும் முள் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏற மாட்டேன் என்றது.

"வேற வாங்கி மாட்டிர வேண்டியதுதான்" என்றார் வீட்டுக்கு வந்து.

மனைவி புரூல் மாவு பிசைந்த கையோடு திரும்பினாள். "மாட்டுவீங்க. அவர் பாத்தா? மூத்த பையன் சம்பந்தத்துல பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையைத் தனக்கு வைக்காம தம்பிக்கு வச்சுட்டாங்கன்னு விருந்துலேர்ந்து எந்திரிச்சுப் போன மனுஷன்! அந்தக் கல்யாணம் நின்னே போச்சு. இங்க நம்ம பொண்ணு ஜிபெக் அவரோட சின்னப் பையன் பேரைக் கேட்டாலே எண்ணெயில போட்ட போர்சோக் மாதிரி பொங்குறா. ஒரு காத்தாடிக்காக அவ கல்யாணத்தைக் கெடுத்துராதீங்க."

மாட்டினாலும் வம்பு, கழற்றினாலும் வம்பு. எதற்கும் இருக்கட்டும் என்று மெதெர் பாலிக்சி சந்தைக்குப் போனார். படகுச் சாமான் கடையில் டமாரா அக்கா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே பரிசுக் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"எத்தனை பேரை ஏத்துவே, தம்பி?"

"ஆறு பேர், அக்கா."

"பசிச்ச ஆறா, விருந்து சாப்பிட்ட ஆறா?"

"சம்பந்தி வீட்டோட சேத்து ஆறு."

"அப்ப எட்டுன்னு வச்சுக்க. தனியா ஓட்டிப் பாத்து வாங்கக் கூடாதுப்பா, பாரத்தைப் பாத்து வாங்கணும். கப்சகாய் பள்ளத்துல கெடக்கு. நாம மலை மேல இருக்கோம், காத்து லேசு. படியேறுனா எனக்கே மூச்சு வாங்குது, இஞ்சினுக்கு வாங்காதா? பிட்ச் கொறைச்சலாப் போடு. பதினஞ்சு, அலுமினியம். தலைதெறிக்க ஓடாது. ஆனா பாரத்தோட எந்திரிக்கும்." விலையையும் சொன்னாள்.

"சரி, ஒரு நல்ல வெலை சொல்லுங்க."

"சொன்னேனே."

"அது உங்களுக்கு நல்ல வெலை."

மெதெர் கோபித்துக்கொண்டு வாசல் வரை நடந்து காட்டினார். அக்கா கூப்பிடவில்லை. விதை கொறிக்கும் சத்தம் கூட நிற்கவில்லை. தானே திரும்பி வந்து, கேட்ட விலைக்கே வாங்கி, படகு இருக்கைக்கு அடியில் துணி போட்டு மூடி வைத்தார்.

எஃகு ப்ரொப்பெல்லரைக் கழற்றித் துடைத்து, வீட்டில் வாசலுக்கு நேர் எதிரே பெரிய விருந்தாளி உட்காரும் தோர் இருக்கிறதே, அங்கே சுவர்க் கம்பளத்தின் மேல் மாட்டினார். ஓராஸ்பாய் குடும்பத்தோடு நுழைந்ததும் முதலில் அதுதான் கண்ணில் பட்டது.

"என்ன சம்பந்தி, இதைப் போயி சுவத்துல?"

"உங்க பரிசைத் தண்ணிக்கடியில ஒளிச்சு வைக்க மனசு வரல. நாலு பேர் பாக்கட்டுமே."

ஓராஸ்பாய் குளிர்ந்துபோனார். மெதெர் மூச்சு விடுவதற்குள், "அதெல்லாம் சரி, எறக்குங்க. என் கையாலேயே மாட்டுறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

ஓராஸ்பாய், அவர் மனைவி குல்சிம், அவருடைய இரண்டு அக்காமார், புரூல், மெதெர் என்று ஆறு பேரும், அவர் அதை மாட்டி முடித்ததும், படகில் ஏறினார்கள். வழியில் பசித்தால் தின்ன இரண்டு கூடை சாப்பாடும் ஏறியது. விருந்தாளியிடம் கூடையை இறக்கு என்று யார் சொல்வது?

மெதெர் விசையை முழுக்கத் தள்ளினார். இஞ்சின் முக்கியது. மூக்கு மேலே போய், எதிர்க்கரை மலையை மறைத்தது.

"நிதானமாப் போகுது" என்றார் மெதெர்.

"ஊர் பாக்க வந்தா நிதானம்தான் அழகு" என்றார் ஓராஸ்பாய், முள்ளைப் பார்த்துக்கொண்டே.

அப்போது காலால் மிதிக்கிற படகு ஒன்று, அன்னப்பறவைக் கழுத்தோடு, பக்கத்தில் வந்தது. உள்ளே இருந்த பெண் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடியே கையசைத்துவிட்டு அவர்களைத் தாண்டிப் போனாள்.

படகில் எல்லோரும் அன்னத்தின் வாலையே பார்த்தார்கள். கடைசியில் குல்சிம்தான், "ஏங்க, நாமளும் எறங்கித் தள்ளலாமா?" என்றாள்.

ஓராஸ்பாயின் கழுத்து சிவந்தது. புரூல் கண்ணை மூடிக்கொண்டாள். மெதெர் அவசரமாக, "தப்பெல்லாம் எங்க ஏரியோடது, சம்பந்தி. ரொம்ப உசரத்துல கெடக்கு. இவ்வளவு நல்ல ப்ரொப்பெல்லருக்கு வேண்டிய காத்து இங்க இல்ல" என்றார்.

"அதைத்தான் நானும் நெனச்சேன்! காத்துதான்!" என்று தொடையில் தட்டினார் ஓராஸ்பாய். "இதோட சக்திக்கு உங்க ஏரி பத்தாது. ஏதாவது சின்னது இருக்கா?"

"யாரோ ஒண்ணை மறந்து வச்சுட்டுப் போயிட்டாங்க" என்று மெதெர் துணியை விலக்கினார்.

கரையோரம் ஒதுங்கி, இஞ்சினைத் தூக்கி, இரண்டு சம்பந்திகளும் இடுப்பளவு தண்ணீரில் நின்று மாற்றினார்கள். இந்த முறை விசையைத் தள்ளியதும் மூக்கு ஒரு கணம் எழுந்து, பிறகு பணிவாக இறங்கியது. படகு நீரின் மேல் வழுக்கிப் பறந்தது. அக்காமார் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டார்கள். அன்னப்பறவையைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொன்னது ஓராஸ்பாய்தான்.

அன்றைய விருந்தில் ஆட்டுத்தலை தவறாமல் அவர் முன்னால் வந்தது. எஃகு ப்ரொப்பெல்லரும் பழைய இடத்துக்கே வந்திருந்தது. ஓராஸ்பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்சகாயில் நல்ல விலைக்குப் போகிற சரக்கு, இங்கே கம்பளத்துக்கு அழகாகத் தொங்குகிறது. தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி வீட்டுல மனசுக்குப் புடிச்சதைக் கேக்கலாம், கேட்டா மறுக்கக் கூடாது. அதானே நம்ம ரெண்டு பக்கமும் வழக்கம்?"

"தாராளமாக் கேளுங்க."

"அந்தப் ப்ரொப்பெல்லர்."

மெதெருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கேட்டவுடன் கொடுத்தால் பொருளுக்கு மரியாதை இல்லையே. முகத்தைத் தொங்கப்போட்டார். "அதையா கேட்டீங்க! உயிரையே கேட்ட மாதிரி இருக்கு. வேற எதையாவது கேளுங்க. வேணும்னா குதிரையை ஓட்டிட்டுப் போங்க."

ஓராஸ்பாயின் கை தட்டில் நின்றது. "குதிரையா? வாசல்ல நிக்குதே, அந்தச் செவலையா?"

விரிப்புக்கு அடியில் புரூலின் விரல்கள் மெதெரின் தொடைச் சதையைப் பிடித்துத் திருகின.

அடுத்த நொடியே மெதெர் தோரில் ஏறி நின்று ப்ரொப்பெல்லரைக் கழற்றிக்கொண்டிருந்தார். "முதல்ல கேட்டதுதான் கணக்கு, சம்பந்தி! இந்தாங்க, பிடிங்க! ஜிபெக், ஒரு நல்ல துணி கொண்டா, சீக்கிரம்!"