வந்த கால்

"உள்ளுக்கு வாங்கோவன் அக்கா. குளிருக்கை நிக்கிறியள்."

"வேண்டாம் பிள்ளை. நான் இதிலையே நிக்கிறன்."

மேரிகிறேஸ் வாசற்படியைத் தாண்டவில்லை. மகள் மரினாவின் கலியாணம் அடுத்த சனிக்கிழமை. கணவனை இழந்த எமிலியாவின் வீட்டுக்குள் கால்வைக்க அவளுக்குப் பயம். ஆனால் கலியாணக் கறிக்கு எமிலியாவின் மிளகாய்த்தூள் வேண்டும். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்க அவளிடம்தான் தூள் வாங்கியது. ஜெர்மனியிலிருந்து வான் வண்டியில் வரும் செத்தல் மிளகாயை வாங்கி, யன்னல்களைத் திறந்துவிட்டு, இருமி இருமி வறுத்து, கோப்பிக்கொட்டை அரைக்கும் மெசினில் அரைத்துக் கொடுப்பாள். அதுதான் அவள் சீவியம்.

தூள் பையை வாங்கிக்கொண்ட மேரிகிறேஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"குறை நினையாதை எமிலியா. அண்டைக்குக் கோயிலுக்கு வராமல் விட்டியெண்டால் நல்லம். சனம் கதைக்குது."

"என்னெண்டு கதைக்குது?"

"நீ வந்த கால் சரியில்லையாம். வந்து வருசம் திரும்ப முன்னம் அந்த மனிசன்..."

மிச்சத்தை விழுங்கிக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள்.

எமிலியாவின் கணவன் குருசுமுத்து டென்மார்க்குக்கு வந்ததுமே மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டவன். கொப்பன்ஹேகன் குடிவரவுக் கந்தோரில் தமிழரின் விண்ணப்பங்களைத் தொடாமலே வைத்திருந்தார்கள். அங்கே யாழ்ப்பாணத்தில் எமிலியா பங்கருக்குள் கிடந்து ஷெல் சத்தம் கேட்டாள். எண்பத்தொன்பதில்தான் வழி திறந்தது. வந்த முதல் குளிர்காலத்திலேயே, விடியற்புறம் தொழிற்சாலைக்குப் போன அவன் கார் பனியில் சறுக்கி லொறியில் மோதியது. காகிதங்களைக் கிடப்பில் போட்ட கை எது என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்த காலைத்தான் குறை சொன்னார்கள்.

ஒரு வருசம் போய்விட்டது. இப்போதும் விடியற்புறத்தில் கீழே ஒருவர் கார்க் கண்ணாடியிலிருந்து உறைபனி சுரண்டுவார். அது பக்கத்து வீட்டுக்காரர் என்று எமிலியாவுக்குத் தெரியும். என்றாலும் எழும்பி யன்னலடிக்குப் போவாள். "பாத்துப் போங்கோ" என்பாள், அன்றைக்குச் சொல்ல மறந்ததை. கீழே இருட்டில் கார்க் கதவு அடிபடும். பிறகு அவளுக்கு நித்திரை வராது.

சனிக்கிழமை அவள் குருசுமுத்து வாங்கிக் கொடுத்த நீலச் சேலையை உடுத்தாள். பஸ்ஸில் போய், இறங்கிப் பனிக்குள் நடந்து, பக்கத்து ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் நடு வரிசை வாங்கில் உட்கார்ந்தாள். அங்கே இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழும்பி வேறு வாங்குகளுக்குப் போனார்கள். வலப்பக்கமும் வெறுமை, இடப்பக்கமும் வெறுமை.

பூசை நடுவில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள் என்றார் டேனிஷ் சுவாமியார். சனம் அங்குமிங்கும் திரும்பிக் கை கூப்பியது. அவள் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

எமிலியா வாங்கை விட்டு வெளியே வந்தாள். நடுவழியால் நடந்து முன்வரிசைக்குப் போனாள். டேனிஷ்காரர் செய்வதுபோல, மேரிகிறேஸுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"சமாதானம் அக்கா."

விரலிடுக்குகளில் மிளகாய்ச் சிவப்பு இன்னும் போகாத கை. மேரிகிறேஸ் அதைப் பார்த்தாள். பிறகு சுற்றியிருந்த சனத்தைப் பார்த்தாள். பீடத்தடியில் மணப்பெண் முகத்திரையை விலக்கித் திரும்பினாள். ஒன்றும் விளங்காத சுவாமியார் பூசையை நிறுத்திக் காத்துநின்றார்.

எமிலியா கையை இறக்கவில்லை.