பத்தொன்பது தரம்

மூன்றாம் தடவையும் போனில் அந்தத் தெரியாத இலக்கம் அடித்தபோது, தியாகலிங்கம் மூட்டைப்பூச்சியை நசுக்குவதுபோலப் பெருவிரலால் அழுத்தி அதை நிறுத்தினார். வருமான வரிக் கந்தோர் என்று மிரட்டுகிறவன், வங்கி அட்டையைப் பூட்டிவிட்டோம் என்று பயமுறுத்துகிறவள், வீட்டுச் சூட்டுக்காற்றுக் குழாய் துப்புரவாக்கவா என்று கேட்கிறவன், எல்லாரும் தெரியாத இலக்கத்தில்தான் வருவார்கள். முப்பத்துநாலு வருடக் கனடாவில் இந்த மனுசன் உருப்படியாகப் படித்தது அது ஒன்றுதான் என்று அவர் மனைவி ஜெயமலர் சொல்வாள்.

"ஆரெண்டு கேட்டாலென்ன?" என்றாள் அடுப்படியிலிருந்து.

"கேட்டாக் கதைக்கோணும். கதைச்சா விழுத்திப்போடுவாங்கள்."

அவருக்கு வேறு எரிச்சல். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மகளுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது தரம். ஒருமுறையும் எடுக்கவில்லை. இப்போது ஐந்தரை. அவர்கள் இருந்த மல்வேர்னில் வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

துர்க்கா ஒரே மகள். முப்பத்தொரு வயது. இரண்டு பனிக்காலமாகப் பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் வேலை. பனியைப் பார்ப்பதுதான் வேலை. சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத சரிவுகளுக்குப் போய், நேற்றிரவு எங்கே சரிந்தது, காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்தது என்று குறிப்பாள். குழி வெட்டி, அதன் சுவரில் எந்தப் படை இறுகிக் கிடக்கிறது, எது சீனிபோல உதிர்கிறது என்று விரலால் குத்திப் பார்ப்பாள். பிறகு மேலே மண்வெட்டியை வைத்து, மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து என்று தட்டி, எத்தனையாவது தட்டில் படை வழுக்குகிறது என்று எழுதி அனுப்புவாள். அதை வாசித்துவிட்டுத்தான் மற்றவர்கள் மலையேறுவார்கள். "பனியைப் பாக்கிறதுக்குச் சம்பளமோ? உந்தா, வாசல் முழுக்கக் கிடக்குது, சும்மா நிண்டு பார்," என்று அவளுக்கு வேலை கிடைத்த அன்றைக்குத் தியாகலிங்கம் சிரித்தார். அவள் போய்விடுவாள் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு கட்டளை போட்டார். போன் எந்த நேரமும் உயிரோடு இருக்கவேண்டும். பையின் அடியில் அல்ல, நெஞ்சுப் பையில். அப்பா அடித்தால் எடுக்கவேண்டும், முடியாவிட்டால் பத்து நிமிடத்துக்குள் 'ஓம்' என்று ஒரு சொல் வரவேண்டும். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தலையாட்டினாள்.

காலையில் அவருடைய தங்கையின் மகன் ராகுலன் பிறம்ரனிலிருந்து போன் எடுத்திருந்தான். லொறி ஓட்டுகிறவன். கல்கரிப் பக்கம் போய் வந்தவன். "மாமா, ஞாயிற்றுக்கிழமை உங்கட துர்க்காவைக் கல்கரியில கண்டனான். ஒரு வெள்ளைப் பெடியனோட," என்று சொல்லிவிட்டு, சொன்னது தெரியாததுபோல வானிலைக்குப் போய்விட்டான். அதுதான் பொறி. மலையில் நிற்கிறேன் என்கிறவளுக்குக் கல்கரியில் என்ன வேலை? அடித்து, படத்தைப் போடச் சொல்லி, மலையைக் காட்டு பார்ப்போம் என்று கேட்பதாக இருந்தார். எடுக்காத ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு சாட்சி கிடைத்தது.

நான்காம் தடவையும் அதே இலக்கம் அடித்தது. ஜெயமலர் ஈரக் கையோடு வந்து போனைப் பறித்தாள்.

"அம்மா, நான் துர்க்கா. அப்பாவும் கேக்கிற மாதிரிப் போடுங்கோ."

"உது அவள் இல்லை," என்றார் தியாகலிங்கம். "இப்ப குரலையும் களவெடுக்கிறாங்கள். முகத்தைக் காட்டச் சொல்லும்."

 பிறகு முகம் வந்தது. உதடு வெடித்திருந்தது. ஒரு பக்கக் கன்னம் தோலுரிந்து சிவந்திருந்தது. பின்னால் நீலத் திரைச்சீலை. ஆஸ்பத்திரி என்று அவருக்கு உடனே விளங்கியது.

"ஐயோ பிள்ளை!"

"எனக்கு ஒண்டுமில்லை அம்மா. இது நேர்ஸின்ர போன். மாக்கஸ்தான் உள்ள."

"ஆர் மாக்கஸ்? ராகுலன் கண்டவனோ?" என்று தியாகலிங்கத்தின் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்பப் பிடிக்க வழியில்லை.

துர்க்கா அவரைப் பார்த்தாள். "ஓம் அப்பா. என்னோட வேலை செய்யிறவர். புது மண்வெட்டி வாங்கப் போனனாங்கள்."

அவள் சொல்லத் தொடங்கினாள். வேலை அறிக்கை சொல்வதுபோல, ஒவ்வொன்றாக. பெருந்தெருவுக்கு மேலே ஒரு முகடு. குழி வெட்டிப் பார்த்தார்கள். பதின்மூன்றாம் தட்டில் படை வழுக்கியது. அதனால் சாய்வு குறைந்த பக்கமாகப் போக முடிவெடுத்தார்கள். ஒருவர் கடக்க மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பது வழக்கம். மாக்கஸ் பாதி தூரம் போயிருந்தபோது, மேலே, வெகு தூரத்தில், பனியில் ஒரு கோடு விழுந்தது. சத்தம் பிறகுதான் வந்தது. பெரிய கதவை யாரோ அடித்துச் சாத்தியதுபோல. சரிந்த பனி நின்ற பிறகு அங்கே ஒருவருமில்லை.

"எல்லாரும் நெஞ்சில பீக்கன் கட்டியிருப்பம் அப்பா. புதைஞ்ச ஆளின்ர பீக்கன் சமிக்ஞை அனுப்பும், எங்கடையில அது எத்தினை மீற்றரில கிடக்குதெண்டு காட்டும். நான் விழுந்தெழும்பி இறங்கித் தேடினன். முப்பது எண்டு காட்டிச்சு. ரெண்டு எண்டு காட்டிச்சு. திரும்ப நாப்பது. அம்பு சுத்திச் சுத்தி நிண்டுது. ரெண்டு எண்டு காட்டின இடத்தில கிண்டினன். ஒண்டுமில்லை. அப்பதான் விளங்கிச்சு." அவள் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "பீக்கனுக்குக் கிட்ட போன் இருக்கக்கூடாது. முதல் நாளே படிப்பிக்கிறது. இருந்தா அதுக்குக் கண் தெரியாமல் போயிடும். என்ர நெஞ்சுப் பையில போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பிடுங்கி எறிஞ்சன். உடனே பன்ரெண்டு எண்டு காட்டி, பிறகு குறைஞ்சுகொண்டே வந்துது."

"ஆர் உன்னை அதை நெஞ்சில வைக்கச் சொன்னது?" தியாகலிங்கம் கத்தினார். பழக்கம். பிழை நடந்தால் முதலில் ஆள் தேடுகிற பழக்கம்.

"நீங்கள்," என்றாள் துர்க்கா.

குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுதான் அவரை அடித்தது. நாற்காலியின் கைப்பிடியைத் தேடினார், அந்த நாற்காலிக்குக் கைப்பிடி இல்லை. ஒரு மணிக்கு இதே மேசையில் தேத்தண்ணி குடித்தபடி, எடுக்கிறாளில்லை, கள்ளி, எடுக்கிறாளில்லை என்று குத்திக் குத்தி அடித்தது விரலில் இன்னும் இருந்தது. ஒவ்வொரு குத்தும் மூவாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு பெடியனின் தலைக்கு மேல் விழுந்திருக்கிறது.  

"உயிரோட..." என்றாள் ஜெயமலர்.

"வெளிய எடுக்கேக்க மூச்சில்லை. வாயில ஊதினன். வந்துது. ஹெலிக்கொப்ரரில கொண்டு வந்தவை. இன்னும் கண் முழிக்கேல்லை." துர்க்கா முகத்தைத் துடைத்தாள். "நான் அறிக்கை எழுதிப்போட்டன்."

"என்னத்தை எழுதினனி?"

"நடந்ததை. தேடினவரின்ர போன் நெஞ்சுப் பையில, இயங்கினபடி. தொடர்ந்து அழைப்பு. பீக்கன் பிழையாக் காட்டினது. அஞ்சு நிமிசம் வீண். எல்லாரும் வாசிக்கோணும் அப்பா. அதுக்குத்தானே எழுதுறது."

"வேலை போகும்."

"போகும்."

"ஆர் அடிச்சதெண்டு எழுதினனியோ?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். பிறகு, "அது தேவையில்லை. சட்டம் தெரிஞ்சது எனக்கு. உங்களுக்குத் தெரியாது. அண்டைக்கே சொல்லியிருக்கோணும், சொன்னா விடமாட்டியள் எண்டு சொல்லேல்லை. பிழை என்னிலதான்," என்றாள்.

முப்பத்துநாலு வருடமாகத் தியாகலிங்கம் ஒரு தாளிலும் தன் பெயர் விழாமல் பார்த்துக்கொண்டவர். வீடு ஜெயமலரின் பெயரில். தொழிற்சாலையில் கை நசிந்தபோதுகூட முறைப்பாட்டுத் தாளில் கையெழுத்து வைக்காமல் வந்தவர். எழுதினால் எவனோ ஒருநாள் எடுத்துக் காட்டுவான்.

"எழுது," என்றார்.

"அப்பா..."

"எழுது பிள்ளை. தியாகலிங்கம். தகப்பன். பத்தொன்பது தரம்." ஜெயமலர் அவர் தோளில் கை வைத்தாள். பயந்துதானே அடித்தீர்கள் என்று சொல்ல வருகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. கையைத் தட்டிவிட்டார். "பயத்தில அடிக்கேல்லை எண்டும் எழுது. சந்தேகத்தில அடிச்சவர் எண்டு எழுது."

துர்க்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெடித்த உதடு அசைந்தது. அப்போது மாக்கஸ் கிடந்த பக்கமிருந்து யாரோ அவள் பெயரை உரத்துக் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவை, இன்னும் அவசரமாக. அவள் திரும்பினாள். போன் கைநழுவி எங்கோ மெத்தென்று விழுந்தது. திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் கிரீச்சிட்டன. ஓடுகிற சப்பாத்துகள்.

படத்தில் இப்போது கூரை மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சதுரங்கள், நடுவில் நீளமான ஒரு விளக்கு. ஜெயமலர் நிறுத்தக் கை நீட்டினாள். அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இருவரும் தலையைக் குனிந்து அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிழல் விளக்கைக் கடந்து போனது. பிறகு இன்னொன்று, எதிர்ப்பக்கமாக.