படம் வராத இடத்தில்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தலைநகர் பிஷ்கேக்குக்குப் போகும் ஷேர் டாக்ஸியில் பக்கத்து சீட்டில் இருந்த பெண் சொன்னது. கணவாயில் பனி சரிந்து வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. டிரைவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே, "யாராச்சும் ஏதாச்சும் பேசுங்களேன், தூக்கம் வருது" என்றான். அந்தப் பெண் பேசினார். சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோதுதான் இதில் சிரிக்க ஒன்றுமே இல்லை என்று உறைத்தது.

அவருக்கு புருல் என்று பெயர் வைக்கிறேன். சொந்தப் பெயர் வேறு. ஊரையும் பள்ளியையும் சொல்ல மாட்டேன். நச்சரிக்காதீர்கள்.

2

முதல் வரியை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

(அ) "வெண்பனி போர்த்திய மலையடிவாரத்தில் அந்தப் பள்ளிக்கூடம் அமைதியாக —" வேண்டாம். இது காலண்டர் படம்.

(ஆ) "புருல் தன் பாடத்தை உயிருக்கு உயிராக நேசித்தார்." பொய். அவர் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஆள் கிடைக்காமல் அவர் தலையில் கட்டினார்கள். புத்தகத்தில் பிள்ளைகளைவிட ஒரே ஒரு பாடம் முன்னால் படித்துவிட்டு வகுப்புக்கு வருவார்.

(இ) "அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் உறை உண்டு." இது நிற்கட்டும்.

உறைகளைத் தலைமையாசிரியர் ஒஸ்மோனாலியின் மனைவி பழைய திரைச்சீலையில் தைத்து, ஓரத்தில் லேஸ் வைத்திருந்தார். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் தானமாகக் கொடுத்த கம்ப்யூட்டர்கள். தொட்டால் கெட்டுவிடும், கெட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே அவை உறைக்குள்ளேயே இருந்தன. ஆய்வுக்கு மேலிடத்துக் குழு, அதாவது கமிஷன், வரும் நாளில் மட்டும் உறை கழலும்.

இணையப் பக்கம் செய்வது எப்படி என்பதை புருல் கரும்பலகையில்தான் நடத்தினார். தலைப்புக்கான குறியை எங்கே திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்று சாக்பீஸால் எழுதுவார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு, பக்கம் எப்படி வரும் என்பதைக் கீழே பென்சிலால் வரைவார்கள். மூட மறந்தால் பக்கம் கெட்டுவிடும் என்பார். கெட்ட பக்கத்தை ஒரு பிள்ளையும் கண்ணால் பார்த்ததில்லை, நல்ல பக்கத்தையும்தான். அடுப்பைப் பற்றவைக்காமல் சமையல் சொல்லிக்கொடுத்த மாதிரி.

3

இனி அதினாய். பத்தாம் வகுப்பு, முன்வரிசை. அப்பா இல்லை. அம்மா மாஸ்கோவில் ஏதோ வணிக வளாகத்தில் தரை துடைக்கிறார். பள்ளி சிபாரிசு செய்தால் தலைநகரக் கல்லூரியில் அவளுக்கு இலவச இடம் கிடைக்கும் என்று பேச்சு. சிபாரிசு இல்லையென்றால் அவளும் அம்மாவோடு துடைப்பான் பிடிக்கப் போக வேண்டியதுதான். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அந்த ஊரில் வேறு வழி கிடையாது.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு இணையப் பக்கம் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கமிஷன் முன்னால் நடக்கப்போகும் திறந்த வகுப்பில் அதைக் காட்டலாம் என்று ஒஸ்மோனாலி முடிவு செய்தார். போடவேண்டிய நான்கு படங்களையும் அவரே பொறுக்கிக் கொடுத்தார். போன தடவை கமிஷன் வந்தபோது எடுத்தவை. புருல் வீட்டு லாப்டாப்பில் அதினாய் உட்கார்ந்து பக்கத்தைச் செய்தாள்.

அந்த வாரம் புருல் நடத்தியிருந்த பாடம், படத்துக்குரிய மாற்றுச் சொல். படம் ஏதோ காரணத்தால் வராமல் போனால் அதன் இடத்தில் வந்து நிற்கும் வாசகம் அது.

"கண்ணு தெரியாத ஒருத்தர் உன் பக்கத்துல உக்காந்திருக்கார்னு வச்சுக்க. படத்துல என்ன இருக்குன்னு அவர் கேட்டா எப்படிச் சொல்லுவே? அப்படியே எழுது" என்றார் புருல்.

"எல்லாத்தையும் சொல்லணுமா எஜே?" என்று கேட்டாள் அதினாய். பெண் ஆசிரியரை அங்கே எஜே என்பார்கள், அக்கா என்பது போல; ஆண் ஆசிரியர் அகாய்.

"பின்னே? பாதி சொன்னா அவருக்கு எப்படிப் புரியும்?"

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். "அது ஒண்ணும் தெரியாத புள்ள, சொன்னதை அப்படியே செய்யும்" என்றார் புருல் டாக்ஸியில். பதினாறு வயதில், அம்மாவை மாஸ்கோவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வீடு பார்க்கும் பெண் ஒன்றும் தெரியாதவளா? நான் நம்பவில்லை. அவள் எழுதியதை முன்கூட்டியே படித்தீர்களா என்று புருலிடமும் கேட்டேன். "இல்லையே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதையும் நான் நம்பவில்லை. என் கதையின் இரண்டு முக்கியமான ஆட்களையும் நம்பாமல்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

4

திறந்த வகுப்பு.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. சரியாகப் படிக்காத பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே இருக்கச் சொல்லியாயிற்று. உறைகளைக் கழற்றி மடித்து அலமாரியில் வைத்தாயிற்று. பெரிய திரையோடு இணைத்த கம்ப்யூட்டரில் புருல் பென் டிரைவைச் செருகினார். பின்வரிசையில் கமிஷன்காரர்கள், நடுவில் நரித்தோல் தொப்பி போட்ட தலைவி, அவருக்குப் பக்கத்தில் முதுகு நிமிர்த்தி ஒஸ்மோனாலி.

பக்கம் திறந்தது. தலைப்பு வந்தது, நீலப் பின்னணி வந்தது. படங்கள் வரவில்லை. நான்கு வெற்றுக் கட்டங்கள் வந்தன.

(காரணம் அற்பமானது. படங்களையும் புருல் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். ஆனால் பக்கத்துக்குள் எழுதியிருந்த முகவரி அவர் வீட்டு லாப்டாப்பின் முகவரி. குடி மாறிப் போனவனைப் பழைய வீட்டில் தேடுவது போல, அந்தக் கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் போய்த் தேடியது. இந்த விஷயம் புத்தகத்தில் அடுத்த பாடம். அவர் இன்னும் படித்திருக்கவில்லை.)

ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுத்து இருந்தது. தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பள்ளிப் பழக்கம், சத்தமாகவே வாசித்தார்.

"கம்ப்யூட்டர் அறையில் மாணவர்கள். எந்தக் கம்ப்யூட்டரும் ஓடவில்லை. படம் எடுத்ததும் உறையைத் திரும்பப் போட்டுவிட்டோம்."

அவர் நிறுத்தியிருக்கலாம். இரண்டாவதுக்குப் போனார்.

"உள் கழிப்பறை. வெந்நீர் வரும். கதவு பூட்டியிருக்கிறது, சாவி தலைமையாசிரியரிடம். நாங்கள் பனியில் வெளியே போகிறோம்."

"எஜே, அதை நிறுத்துங்க" என்று ஒஸ்மோனாலி பல்லைக் கடித்தார். புருல் மவுஸை எடுப்பதற்குள் தலைவி மூன்றாவதுக்குப் போய்விட்டார்.

"மதிய உணவு. மேஜையில் இருக்கும் பூர்சோக் ரொட்டி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கமிஷனுக்காகப் பொரித்தது. நாங்கள் தொடவில்லை."

நான்காவதைத் தலைவி பாதி வரை சத்தமாக வாசித்து, மீதியை மனசுக்குள் வாசித்தார். வகுப்பு முழுக்க அதை வாசித்தது.

"பத்தாம் வகுப்பு. கடைசி வரிசையில் காலியாக இருப்பது அல்மாஸின் இடம். அவன் நன்றாகப் படிப்பான். திக்குவான் என்பதால் வரவேண்டாம் என்று சொன்னார்கள்."

அன்றைக்கும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் யாராவது எழுந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கமிஷன்காரர் எழுந்து — இல்லை. எழவில்லை. தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டது இதுதான்:

"படம் ஏன் வரல?"

"தெரியல" என்றார் புருல்.

"பாடத்தோட தலைப்பே படம். படம் வரலைன்னா பாடம் எப்படி நடந்ததா ஆகும்?" அறிக்கையிலும் அப்படியே எழுதினார்கள்: படங்கள் தோன்றவில்லை, பாடத்தின் நோக்கம் நிறைவேறவில்லை. எழுதியிருந்தது நிஜமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு பூர்சோக்கும் ஆட்டிறைச்சியும் வைத்திருந்த அறைக்குப் போனார்கள். போகிற வழியில் தலைவி ஒஸ்மோனாலியின் கையைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "அகாய், அந்தச் சாவியைக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?" என்றார்.

டாக்ஸியில் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தது இங்கேதான். டிரைவர் ஸ்டீயரிங்கை அடித்து அடித்துச் சிரித்தான்.

5

கமிஷன் கிளம்பியதும் ஒஸ்மோனாலி புருலைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை பக்கம் இணையத்துல ஏறணும். படம் நாலும் பளிச்சுனு வரணும். அந்த எழுத்தை அந்தப் பொண்ணு தன் கையாலயே மாத்தணும்."

"நானே மாத்திடறேன் அகாய்."

"நீங்க ஏன் மாத்தணும்? எழுதுனது யாரு? அவ மாத்தட்டும். இல்லேன்னா சிபாரிசுல அவ பேரு இருக்காது. மாஸ்கோவுல தரைக்கா பஞ்சம்?"

அவர் கெட்டவர் இல்லை என்று எழுத ஆரம்பித்தேன். பள்ளிக் கூரையை அலைந்து திரிந்து மாற்றியவர், குளிர்காலத்துக்கு நிலக்கரி — வேண்டாம். அடித்துவிட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னவருக்கு நான் ஏன் வக்காலத்து வாங்க வேண்டும்?

6

சனிக்கிழமை. கம்ப்யூட்டர் அறையில் உறைகள் திரும்பவும் ஏறியிருந்தன. புருல் தன் லாப்டாப்பைக் கொண்டுவந்தார். அடுத்த பாடத்தைப் படித்துவிட்டிருந்தார். நான்கு முகவரிகளையும் அவரே திருத்தினார். படங்கள் பளிச்சென்று வந்தன. பிறகு லாப்டாப்பை அதினாய் பக்கம் தள்ளினார்.

"நான் எழுதுனதுல எது எஜே பொய்?"

"எதுவும் பொய் இல்ல."

"அப்ப எதை மாத்தணும்?"

"எல்லாத்தையும்தான்."

அதினாய் கீபோர்டைத் தொடவில்லை. "அல்மாஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். தன்னைப் பத்தி எழுதியிருந்ததை யாரோ சொல்லியிருக்காங்க. 'நெசமாவா எழுதுனே?'ன்னு கேட்டான். அதைச் சொல்லி முடிக்கவே அவனுக்கு ரொம்ப நேரம் ஆச்சு. நான் இப்ப அவன் இடத்துல என்னன்னு எழுதட்டும்?"

அப்போது வெட்கமாக இருந்தது என்று புருல் என்னிடம் சொன்னார். அந்தக் கதையிலேயே அவர் சிரிக்காமல் சொன்ன ஒரே விஷயம் அது. சிறுமிக்கு எதிரில் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்தார். கதவருகில் நின்று, "படம் வந்துட்டா அந்த எழுத்தை யாரும் பாக்க மாட்டாங்க அதினாய். தலைமையாசிரியரும் படம் வருதான்னுதான் பாப்பார்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விட்டார்.

நாள்கணக்காக இந்த வாக்கியத்தை உருட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் பார்க்கப்போவதில்லை, மாற்றித் தொலை என்று ஆறுதல் சொன்னாரா? யாரும் பார்க்கப்போவதில்லை, அப்படியே விடு என்று வழி காட்டினாரா? எழுதுகிற எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

தேநீரோடு திரும்பியபோது லாப்டாப் மூடியிருந்தது. "முடிச்சுட்டேன் எஜே" என்றாள் அதினாய். புருல் திறந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை பக்கம் ஏறியது. ஒஸ்மோனாலி பார்த்தார். படம் நாலும் வந்தது. சிபாரிசில் அதினாய் பெயரும் ஏறியது.

7

இங்கே வண்டிகள் நகரத் தொடங்கின. புருலும் கதையை நிறுத்திவிட்டார். ஆகவே முடிவுகளை நானே தைத்துப் பார்த்தேன்.

ஒன்று: அதினாய் எதையும் மாற்றவில்லை என்று பள்ளி முற்றத்தில் எல்லார் முன்னாலும் அறிவிக்கிறாள். சினிமா. கைதட்டுவதற்கு அங்கே ஆளில்லை.

இரண்டு: அல்மாஸை அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கிறார்கள். எழுத எழுத எனக்கே கசந்தது. அவன் இன்றைக்கும் கமிஷன் நாட்களில் வீட்டில்தான் இருக்கிறான்.

மூன்று: இது தைத்தது இல்லை, நடந்தது. இறங்கும்போது புருல் அந்தப் பக்கத்தின் முகவரியை என் போனில் தட்டிக் கொடுத்தார். "நான் பாக்கல. பாக்கவும் மாட்டேன். நீங்க வேணா பாத்துக்குங்க" என்றார். படத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்தவனுக்கு அது ஒரு நிமிட வேலை.

பார்த்தேன். நான்கையும் படித்தேன்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். தமிழில்தானே எழுதுகிறோம், ஒஸ்மோனாலியா படிக்கப்போகிறார் என்று முதலில் தைரியமாக இருந்தது. ஆனால் அவருடைய மருமகன் பிஷ்கேக்கில் வீடு வாடகைக்கு விடுவது மருத்துவம் படிக்க வந்திருக்கும் நம் பையன்களுக்குத்தான். ஒரு பையன் படித்துவிட்டுச் சிரித்தால் போதும், "என்னப்பா அது?" என்று அந்த மருமகன் கேட்பான். போனைக் காட்டினால் போன் மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். ஒரு சிறுமி தன் ஊரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லக் கிடைத்த இடம் அவ்வளவுதான். அதைக்கூட என் கதை காட்டிக்கொடுத்துவிடும் என்றால், கதை எழுதுவதன்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஆகவே கீழே இருப்பதை முடிவாக எழுதுகிறேன்:

அதினாய் நான்கையும் மாற்றிவிட்டாள். "நவீன கம்ப்யூட்டர் அறையில் ஆர்வத்துடன் பயிலும் மாணவர்கள்" என்பது போலத்தான் இப்போது எல்லாம் இருக்கின்றன. ஒஸ்மோனாலி அகாய், நீங்கள் திறந்து பார்த்துச் சிரமப்பட வேண்டியதில்லை.

வாசகரே, நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஏதாவது தோன்றினால் அது உங்களோடு இருக்கட்டும். கல்லூரிச் சேர்க்கை முடிகிறவரைக்குமாவது.