பலகையில் போட்டிருந்த செடி

பச்சைப் பலகைகள் வந்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

அதற்கு முன்னால், அவள் தோட்ட வேலை பார்த்த பூங்காவின் மூலிகைப் பகுதியை ஈ காக்கைகூட எட்டிப் பார்த்ததில்லை. செடிக்குச் செடி ஒரு சின்னத் தகரம், அதில் வாயில் நுழையாத லத்தீன் பெயர், அவ்வளவுதான். வாக்கிங் வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு தாண்டிப் போனார்கள். செடிகள் செழித்தன, அவளும் செழித்தாள். பகல் முழுவதும் பாத்திகளுக்கு நடுவிலேயே கிடந்ததால் அவளுக்குப் ‘பாத்தியம்மா’ என்று பெயர் விழுந்ததுதான் கண்ட பலன்.

போன வருடம் பூங்கா இயக்குநர் எங்கோ ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பினார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. உலக மக்கள் எந்த நோய்க்கு எந்தச் செடியைப் பயன்படுத்தினார்கள் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பச்சைப் பலகையில் எழுதி, ஒவ்வொரு பாத்தியிலும் நட்டுவிட்டார். “மக்களுக்குப் புரியணும்மா,” என்றார்.

மக்களுக்கு நன்றாகவே புரிந்தது. ‘பல நாடுகளில் சர்க்கரை நோய்க்கு நாட்டு மருந்து’ என்று போட்டிருந்த நித்தியகல்யாணி ஒரே வாரத்தில் மொட்டையானது. ‘வட அமெரிக்கப் பழங்குடிகள் காயத்துக்கும் பல்வலிக்கும் பயன்படுத்திய வேர்’ என்று படித்த யாரோ எக்கினேசியாவை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். கற்றாழையின் கதையைச் சொல்லவே வேண்டாம். எந்த மருத்துவமும் கைவைக்காத அலங்காரப் புல் மட்டும் தளதளவென்று நின்றது.

கையும் களவுமாகப் பிடித்தாலும் பிரயோஜனமில்லை.

“ஒரு இலைதானம்மா கிள்ளினேன். இதுக்குப் போயி…”

“ஆளுக்கு ஒரு இலை சரி. செடிக்கு எத்தனை இலைங்க?”

“அது வளந்துடும்.”

போதாததற்கு அவளையே வைத்தியராக்கி விட்டார்கள். மூட்டு வலிக்கு எந்தப் பாத்தி, மலச்சிக்கலுக்கு எந்தப் பாத்தி என்று துணிக்கடையில் அளவு கேட்பது போலக் கேட்டார்கள். டாக்டரிடம் போகச் சொன்னால், “அவர்கிட்டப் போயிட்டுத்தான் இங்க வந்தோம்,” என்றார்கள்.

கடைசியில் அவள் பொய் சொல்ல ஆரம்பித்தாள். இதைத் தொட்டால் அரிக்கும், அதைத் தின்றால் பேதியாகும், இது கொடிய விஷம் என்று கண்டதற்கெல்லாம் அடித்துவிட்டாள். கொஞ்ச நாள் பலித்தது. பிறகு, புலி வருது புலி வருது என்ற கதையாக, அவள் விஷம் என்றால் ஆட்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

உண்மையிலேயே விஷமான செடி ஒன்று அங்கே இருந்தது. ஊதா மணிகளைக் கோத்துத் தொங்கவிட்டது போலப் பூக்கும் டிஜிட்டாலிஸ். அதன் பலகையில் பெரிய எழுத்தில், ‘ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் கால் வீக்கத்துக்கும் இதயத்துக்கும்’ என்று போட்டிருந்தது. அதன் கீழே எறும்பு ஊர்ந்தது போல, ‘செடி முழுவதும் நச்சு’. தண்ணீர் பாய்ச்சும்போது தெறிக்கிற சேறு தவறாமல் அந்த எறும்பு வரிசையின் மேல்தான் அப்பியது. அவளும் தவறாமல் துடைத்தாள். பலகையை மாற்றச் சொல்லி இயக்குநரிடம் நடையாய் நடந்தாள்.

“விஷம்னு பெருசா எழுதினா பள்ளிக்கூடத்துக்காரங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வர மாட்டாங்கம்மா. பாத்துக்கலாம்,” என்றார் அவர்.

பார்த்துக்கொள்ள வேண்டிய நாள் ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. டிஜிட்டாலிஸின் அடி இலைகள் ஒன்றுகூட இல்லை. கிள்ளிய தடமோ பிய்த்த தடமோ இல்லை. கத்தரிக்கோலால் ஒரே சீராக, முடி வெட்டியது போல வெட்டியிருந்தது.

அவள் காவலாளியிடம் ஓடினாள்.

“காலையில யாரு இந்தப் பக்கம் வந்தது?”

“நம்ம தொப்பிக்காரரு மட்டுந்தான். கையில ஒரு துணிப்பை வச்சிருந்தாரு. எனக்கு வணக்கம்கூட வச்சுட்டுப் போனாரே.”

கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு தினமும் நடக்க வருகிற கிழவர். பலகைகளை வாய்விட்டுப் படிப்பவர். அவர் எங்கே குடியிருக்கிறார் என்று காவலாளிக்குத் தெரியவில்லை. முனை பேக்கரியில் ரொட்டி வாங்குவார், அது மட்டும் தெரியும் என்றான்.

நடந்துகொண்டே இயக்குநருக்குப் போன் செய்தாள். அவர் கூட்டத்தில் இருந்தார்.

“பதறாதீங்கம்மா,” என்றார் கிசுகிசுப்பாக. “அவரைப் பாத்து நயமா சொல்லுங்க. தோட்டத்துப் பேரு வெளிய வராம…”

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்தபடி எதிர் வீட்டைக் காட்டினார். “தையல் கடைக்கு மேல ரெண்டாவது மாடி. அக்காவும் தம்பியுமா இருக்காங்க. ரெண்டு பேரும் சண்டை போடுற சத்தம் கேக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சிடலாம்.”

அன்றைக்குப் பார்த்துச் சத்தம் எதுவும் இல்லை. மூச்சு வாங்கப் படியேறி அவள் கதவைத் தட்டினாள். தொப்பிக்காரர் வீட்டுக்குள்ளும் தொப்பியோடுதான் இருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் சிவந்து போயிற்று.

“நான் எதுவும் எடுக்கல,” என்றார், அவள் வாயைத் திறப்பதற்குள்.

“ஐயா, நான் செடிக்காக வரல. அந்த இலையை என்ன பண்ணீங்க? அது விஷம்.”

“எந்த இலை?”

“கத்தரிக்கோல் வச்சு வெட்டினீங்களே, அந்த இலை.”

அவர் கதவில் சாய்ந்து நின்றுகொண்டார். “போன மாசம் சீனாக்காரங்க காய்ச்சலுக்குக் குடிப்பாங்கன்னு போட்டிருந்த செடியையும் விஷம்னுதான் சொன்னீங்க. மூணு வேளை காய்ச்சிக் குடிச்சேன். குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன்.”

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. “அது பொய்ங்க. இது நிஜம்.”

“அது பொய்யின்னா இது மட்டும் எப்படி நிஜம்? இதயத்துக்கு நல்லதுன்னு பலகையிலயே போட்டிருக்கு. பூங்காக்காரங்க வேலை மெனக்கெட்டுப் பொய்யா எழுதி வைப்பாங்களா?”

“கீழே இன்னொரு வரி இருந்துச்சே…”

“கீழே சேறுதான் இருந்துச்சு.”

உள்ளேயிருந்து தடியை ஊன்றிக்கொண்டு அவருடைய அக்கா வந்தாள். கணுக்கால் இரண்டும் வீங்கிப்போய்ச் செருப்புக்குள் அடங்காமல் பிதுங்கின. யாருக்காக இலை வந்தது என்று இனிக் கேட்க வேண்டியதில்லை.

“அம்மா, இவர் ஏதாவது காய்ச்சிக் குடுத்தாரா? குடிச்சிட்டீங்களா?”

“இவன் குடுத்ததையா?” அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். “எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து இவன் சொன்னது ஒண்ணு உருப்பட்டிருக்கா? அப்படியே கொண்டுபோயி அங்கணத்துல கொட்டிட்டேன்.”

பாத்தியம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“மிச்சத்தைத்தான் கொட்டினேன்,” என்று அக்கா தொடர்ந்தாள். “பாதியை இவனே குடிச்சான். ‘பாரு, எனக்கு ஒண்ணும் ஆகல, நீயும் குடி’ன்னு.”

வந்த உயிர் மறுபடியும் போயிற்று.

“எப்ப?”

“கொஞ்சம் முன்னாடிதான். ஏன்?”

“ஐயா, கிளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எனக்கு என்ன கேடு? லேசா வயித்தைப் புரட்டுது. காலையில ரொட்டி சரியில்ல.”

ரொட்டியைக் குறை சொல்லி முடிப்பதற்குள் அவர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார். அப்போதும் வர மறுத்தார். சட்டை மாற்ற வேண்டும் என்றார், ஜன்னலைச் சாத்த வேண்டும் என்றார். கடைசியில் அக்கா தடியால் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “போடா,” என்றாள். போனார்.

டாக்ஸியில் அவர் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். ஓட்டுநர் கண்ணாடியில் முறைத்த முறைப்பையும் பாத்தியம்மாதான் வாங்கிக்கொண்டாள். அவசரப் பிரிவில் செடியின் பெயரைச் சொன்னதும் இளம் டாக்டரின் முகம் மாறியது. கரித்தூள் கரைசலைக் குடிக்கவைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். நாடித் துடிப்பு மாட்டு வண்டிபோல ஊர்ந்தது. படுக்கையில் தொப்பியில்லாமல் கிடந்த அந்தத் தலை, முளை கட்டிய பயறு போலச் சின்னதாக இருந்தது. அத்தனை நேரமும் அவர் மேல் பொங்கிய எரிச்சல், அந்தத் தலையைப் பார்த்ததும் எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் அவள் மேலேயே திரும்பியது. சும்மா இருந்த செடிகளுக்கெல்லாம் விஷப் பட்டம் கட்டியது இவள்தானே? எரிச்சலில் சொன்னாள் என்றால் டிஜிட்டாலிஸ் விட்டுவிடுமா?

சாயங்காலம் அவள் பூங்காவுக்குத் திரும்பி, திருப்புளியை எடுத்துக்கொண்டு பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கூட்டம் முடிந்து வந்த இயக்குநர் அடுக்கியிருந்த பலகைகளைக் குனிந்து பார்த்தார்.

“யாரைக் கேட்டுக் கழட்டினீங்கம்மா?”

“யாரையும் கேக்கல சார். திரும்ப வைக்கணும்னா வைங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழே உங்க போன் நம்பரையும் போட்டு வைங்க.”

அந்த வார முடிவில் டிஜிட்டாலிஸைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. கற்றாழையைச் சுற்றி வரவில்லை. நிதி இல்லையாம்.

வெள்ளிக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தொப்பிக்காரர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாடி தேறிவிட்டது, மறுநாள் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று நர்ஸ் சொன்னாள். பக்கத்தில் அக்கா ஆரஞ்சு உரித்துத் தானே தின்றுகொண்டிருந்தாள்.

“அம்மா, வாங்க,” என்றார் உற்சாகமாக. “ஒரு சங்கதி தெரியுமா? அக்கா நெஞ்சுக்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுதுல்ல? அது இதே செடியிலேருந்துதான் எடுக்கிறாங்களாம். டாக்டரே சொன்னாரு.”

“ஆமாங்க. அதனாலதான் அவங்க குடிச்சிருந்தா ரெட்டிப்பு ஆபத்து. மாத்திரையில அளவு இருக்கு. இலையில ஏது அளவு?”

“அதெல்லாம் சரி. ஆனா செடி சரியான செடிதான? நான் சரியாத்தான பறிச்சேன்?”

அவள் வாயைத் திறந்தாள். ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, “செடி சரிதான்,” என்றாள்.

அவர் அக்கா பக்கம் திரும்பினார். “கேட்டியா?”

“கேட்டேன், கேட்டேன்,” என்ற அக்கா, ஆரஞ்சுத் தோலைத் தம்பியின் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். பாத்தியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவரை வந்தாள். அங்கே சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “இவன்கிட்டச் சொல்லிடாத,” என்றாள். “கொட்டறதுக்கு முன்னாடி நானும் ஒரு வாய் வச்சுப் பாத்தேன். ஒரே கசப்பு, துப்பிட்டேன். அதுக்கும் டாக்டர்கிட்டச் சொல்லணுமா?”

பாத்தியம்மா கண்ணை இறுக மூடித் திறந்தாள். பிறகு அக்காவின் முழங்கையைப் பற்றி, டாக்டரின் அறைப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.