காற்றுப் போனாலும் ஓடும் கார்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை. வாயைத் திறந்தால் முதலில் வரும் வார்த்தை 'கவனம்' என்பதால் அங்கே எல்லோருக்கும் அவர் கவனம் சார். படியேறுகிறவரிடம் கவனம், இறங்குகிறவரிடம் கவனம், தேநீர் குடிப்பவரிடமும் கவனம். பதினோரு வருடமாக அங்கே யாருக்கும் பெரிதாக அடிபட்டதில்லை. அது தன்னால்தான் என்று அவர் நம்பினார். அட்டை மெத்தென்று இருப்பதால்தான் என்று மற்றவர்கள் நம்பினார்கள்.

அவர் கார் வாங்கியபோது நிறம் பார்க்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. பழைய சின்னக் கார் ஒன்றை விற்க வந்தவர், அதில் இருப்பது ரன்ஃப்ளாட் டயர் என்றும், ஆணி குத்திக் காற்று மொத்தமாகப் போனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும் என்றும், ஸ்டெப்னியே தேவையில்லை என்றும் சொன்னார். கவனம் சார் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். அவருடைய ஆபீஸ் நாலு கிலோமீட்டர். மாமியார் வீடு ஒன்பது. இந்த இரண்டையும் விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. போகிற வழியெல்லாம் டயர் கடைகள் வேறு.

காற்றில்லாமலே காரைத் தாங்க வேண்டும் என்பதற்காக அந்த டயரின் பக்கவாட்டு ரப்பரைக் கல் மாதிரி செய்திருந்தார்கள். ரோட்டில் கிடக்கும் தீக்குச்சி மேல் ஏறினாலும் முதுகெலும்புக்குத் தகவல் போய்விடும். மாமியார் இரண்டு தடவை ஏறிப் பார்த்தார். மூன்றாவது தடவை, "நீங்க முன்னாடி போங்க மாப்பிள்ளை, நான் பஸ்ல வந்துடறேன்" என்று நழுவிவிட்டார்.

மனைவிக்கு நழுவ வழியில்லை. கணக்கு டீச்சரான அவளைத் தினமும் ஆபீஸ் போகிற வழியில் பள்ளியில் இறக்கிவிடுவது கணவரின் கடமை என்று அவர் எழுதியே வைத்திருந்தார். நாலு மாதத்தில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பிசியோதெரபிஸ்ட் அம்மா முதலில் மெத்தையை மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். அப்புறம் நாற்காலி, செருப்பு, தலையணை. எல்லாம் மாறியது, வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. டயராக இருக்குமோ என்று அவள் ஒரு நாள் கேட்டதற்கு, "பாதுகாப்புன்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்று பதில் வந்தது.

இதற்கிடையில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. அணையவே இல்லை. கவனம் சார் இறங்கி நாலு டயரையும் சுற்றிவந்து உதைத்துப் பார்த்தார். நாலும் விறைப்பாக நின்றன. விளக்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார். ஓட்டுகிறவரின் கவனம் சிதறக் கூடாது இல்லையா? தொழிற்சாலையில் மிஞ்சிக் கிடந்த 'பாதுகாப்பே முதல்' ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, விளக்கு தெரியாதபடி அழகாக ஒட்டிவிட்டார்.

ஒரு மழைநாளில் பிசியோதெரபிஸ்ட் அம்மாவின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. கணவனும் மனைவியும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டார்கள். ஒன்றரை கிலோமீட்டர்தான். இறங்கியவர் காரின் கூரையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "மெத்தையைத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். கவனம் சாரைப் பார்த்து, "டயரை மாத்துங்க" என்றார்.

மருத்துவம் படித்தவர்கள் சொன்னால் கவனம் சார் தட்டமாட்டார். மறுநாளே டயர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் பின்பக்க இடது டயரைக் கழற்றிச் சாய்த்ததும் உள்ளேயிருந்து கரித்தூள் மாதிரி ஏதோ கொட்டியது. ரப்பர்தான், அரைபட்டுத் தூளாகியிருந்தது. இந்த டயரில் காற்றுப் போய் வாரக்கணக்காகிறது என்றார் கடைக்காரர். இந்த ரகம் காற்றில்லாவிட்டாலும் பார்வைக்குச் சப்பையாகத் தெரியாது, அதனால்தான் உள்ளே விளக்கு வைத்திருக்கிறார்கள் என்றும் விளக்கினார்.

"லைட்டு எரியலையா சார்?"

மனைவி காருக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள். ஸ்டிக்கரை நகத்தால் மெல்ல உரித்தாள். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உரித்த ஸ்டிக்கரை அவர் உள்ளங்கையில் ஒட்டினாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

சாதாரண டயர் நாலும் மாட்டியாயிற்று. திரும்பி வரும்போது கார் மிதந்தது. ஆனால் கவனம் சார் ரோட்டில் ஆணி தேடிக்கொண்டே ஓட்டினார். இனிமேல் பஞ்சர் என்றால் பஞ்சர்தான். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் குழிகூடக் கிடையாது. ஓட்டையை உள்ளேயே அடைக்கும் பசை பாட்டில் ஒன்றும் காற்றடிக்கும் குட்டிப் பம்ப் ஒன்றும் கடைக்காரர் கொடுத்திருந்தார். இரண்டே படி வேலை. கவனம் சார் அதைப் பதினோரு பக்கச் செயல்முறையாக எழுதினார். சனிக்கிழமைதோறும் வீட்டு வாசலில் ஒத்திகை. மனைவிக்குப் பம்ப், இதற்கென்றே வரவழைக்கப்பட்ட மாமியாருக்கு விசில். இடுப்பு வலி போன சந்தோஷத்தில் மனைவி பொறுத்துக்கொண்டாள். மாமியாருக்கோ விசில் பிடித்துப்போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அபூர்வமாக, மூவரும் மாமியாரின் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்கள். நாற்பது கிலோமீட்டர். பாதி வழியில் கார் ஒருபக்கமாக இழுத்தது. முன் டயரில் திருகாணி. கவனம் சார் ஒளிரும் மேற்சட்டையை மாட்டினார். முப்பது அடி எண்ணி நடந்து போய்ச் சிவப்பு முக்கோணத்தை வைத்தார். திரும்பி வந்து செயல்முறையைப் பிரித்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். முதல் மூன்று பக்கமும் பதற்றப்படாமல் இருப்பது பற்றி. அவசரத்தில் தாள்கள் இடம் மாறின.

நாலாம் பக்கத்தில் அவர் நிமிர்ந்தபோது பம்ப் சத்தம் நின்றிருந்தது. டயர் நிமிர்ந்து நின்றது. மனைவி கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து என்ன பண்ணணும்?" என்று கேட்டார். உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை.

"ஏறி உட்காரணும்" என்றாள் அவள். "அந்தப் பக்கம்."

அவள் ஓட்டினாள். சிறிது தூரம் போய் நிறுத்தி, காற்று இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்டு மறுபடி கிளம்பினாள். கவனம் சார் கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். இரண்டு இடத்தில் 'கவனம்' என்று சொல்ல வாயெடுத்தார், அதற்குள் அவள் பிரேக் போட்டிருந்தாள். தன் உதவி இல்லாமலே உலகம் நடக்கிறது என்பது அவருக்கு முதலில் அவமானமாகவும், மூன்றாவது வளைவில் நிம்மதியாகவும் இருந்தது. மேற்சட்டையோடு அப்படியே தூங்கிப்போனார்.

பின்னாலிருந்து மாமியார் எட்டிப் பார்த்து, "எழுப்பட்டுமா?" என்று விசிலைக் காட்டினார்.

"வேண்டாம்மா" என்றாள் மகள். "நல்லாத் தூங்கறார்."