ஈயத்தலையனின் குரல்

டிவியில் உப்பாச்சி "எழுந்திரு மகனே, இல்லம் செல்வோம்" என்று சொன்னதும், எம்.கே.பி. நகர் படிப்பகத்தில் உட்கார்ந்திருந்த இருபத்தெட்டு பேரும் ஒரே நேரத்தில் 'தூ' என்றார்கள். மற்றவர்கள் வாயால் மட்டும் சொன்னார்கள். பொன்னுரங்கம் நிஜமாகவே துப்பிவிட்டார். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையைத் துடைத்தார். துறைமுகத்தில் கப்பல் மேலேறிக் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை அவருக்கு. வயது ஐம்பத்திமூன்று. அந்த வாசகர் குழுவில் அவரை விட்டால் அடுத்த மூத்தவன் அசோகன், அவனுக்கே முப்பத்தொன்றுதான்.

'உப்பாச்சி' ஐந்து பாகக் கதை. ஏழு உப்புக்கடல், பேசுகிற திருக்கை மீன், தன் மண்டையை ஈயத்தால் வார்த்துக்கொண்ட ஈயத்தலையன் என்ற கொள்ளைக்காரன், எல்லாம் உண்டு. நடுவில் படகுக்காரி உப்பாச்சி. கடலில் செத்தவர்களைத் தேடிப் போய், ஒவ்வொருவராகத் தோளைத் தட்டி எழுப்பி ஊருக்குக் கூட்டி வருவது அவள் தொழில். எழுப்பும்போது அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எந்திரி கண்ணு, வூட்டுக்குப் போலாம்." ஐந்து பாகத்திலும் நூற்றுப் பதினாறு இடத்தில் வருகிறது என்று அசோகன் எண்ணி வைத்திருந்தான். அந்த வரியைப் பனியனில் அச்சடித்து வியாசர்பாடியில் பாதிப் பேர் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். பின்னே? சினிமாவில் இந்தப் பேச்சு பேசுகிறவன் ஒன்று பிக்பாக்கெட், இல்லாவிட்டால் காமெடியன். ஒரு தேவதை வந்து இவர்கள் வீட்டு அடுப்படிப் பேச்சைப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதைத்தான், கதையைத் தொடராக எடுத்த டிவிக்காரர்கள் முதல் வேலையாகப் பிடுங்கி எறிந்தார்கள். அவர்களுடைய உப்பாச்சி வெள்ளை வெளேரென்று இருந்தாள். உப்புத்தண்ணீர் பட்ட தோலே இல்லை. வாயைத் திறந்தால் பள்ளிக்கூட ஆண்டுவிழா. குழுவிலிருந்து நானூறு மெயில் போனது. 'எல்லா ஊர் மக்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா' என்று ஒரே ஒரு பதில் வந்தது. "அப்போ நம்ப இன்னா, செவ்வாய் கெரகமா?" என்றான் அசோகன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பதினோரு மணிக்கு எல்லாரும் படிப்பகத்தில் கூடித் திட்டுவதற்காகவே பார்த்தார்கள்.

பொன்னுரங்கம் திட்டுவதற்காக வரவில்லை. அவர் படித்தது ஏழாம் வகுப்பு. முன்னெல்லாம் கதைப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. ஐந்து பாகமும் அவர் மகள் கார்குழலியுடையவை. இரண்டு வருடத்துக்கு முன்னால், வேலைக்குப் போகும்போது, மணலி சாலையில் அவள் ஸ்கூட்டியை ஒரு டேங்கர் லாரி இழுத்துக்கொண்டு போனது. முகம் பார்க்கக்கூட விடவில்லை. துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். அவளோடு சேர்ந்து அந்தப் புத்தகங்களைப் படித்த டில்லிபாபு என்கிற பையன், மேடைகளில் பலகுரல் பேசுகிறவன், இடுகாட்டில் குழிக்குள் இறங்கி மண்டி போட்டு உட்கார்ந்தான். உப்பாச்சி பேசினால் எப்படி இருக்குமோ அப்படியொரு குரலில், "எந்திரி கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்றான். அதற்கப்புறம்தான் பொன்னுரங்கத்துக்கு அழுகையே வந்தது. டீ இடைவேளைகளில் எழுத்துக் கூட்டி ஐந்து பாகத்தையும் படித்து முடிக்க அவருக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. மகள் பேனாவால் கோடு போட்ட இடம் வரும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் வந்து சொல்லும். மகளிடமிருந்து அவருக்கு மிஞ்சியது அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டில்லிபாபு ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்திருந்தான். முந்தின நாளே குழுவில், 'நாளிக்கு ஒரு சர்ப்ரைஸ் கீது, யாரும் மிஸ் பண்ணாதீங்கோ' என்று போட்டிருந்தான். வந்ததும் நேராகப் பொன்னுரங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தான். "நைனா, இன்னிக்கு நல்லா காது குடுத்துக் கேளு" என்றான். அவன் முழங்கால் சும்மாவே ஆடிக்கொண்டிருந்தது.

விளம்பரம் முடிந்து ஈயத்தலையன் வந்தான். திரை முழுக்க அவன் முகம் மட்டும். ஈயம் வழிந்து காய்ந்த நெற்றி, கறுத்த பல். சிரித்தான். சிரித்துக்கொண்டே, "எந்திரி கண்ணு, வூட்டுக்குப் போலாம்" என்றான்.

ஒரு நொடி படிப்பகமே 'ஏய்!' என்று எழுந்துவிட்டது, விசிலுக்கு விரலை வாயில் வைத்தவர்களும் உண்டு. அப்போது படம் பின்னால் நகர்ந்தது. ஈயத்தலையனின் முஷ்டியில் ஒரு சின்னப் பெண்ணின் சடை சுற்றியிருந்தது. கப்பல் பலகை மேல் அவளைத் தரதரவென்று இழுத்தான். அவள் கன்னம் பலகையில் தேய்ந்து சிவப்பாகக் கோடு விழுந்தது. மறுபடியும் அதையே சொல்லித் தூக்கிக் கடலில் வீசினான்.

மற்றவர்கள் வரியைக் கேட்டார்கள். பொன்னுரங்கம் குரலைக் கேட்டார். இரண்டு வருடம் காதுக்குள் குடியிருந்த குரலை வேறு யாருடையதென்று நினைக்க முடியும்?

"டில்லி, இது நீயா?"

டில்லிபாபு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது.

முதல் அடி வாயில் விழுந்தது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். ஜாங்கிரிப் பெட்டி கவிழ்ந்து ஜீராவும் ரத்தமும் ஒன்றாக ஓடின. எழ முயன்றவனின் சட்டையைப் பிடித்துத் தூக்கி இன்னொரு அடி, அதே இடத்தில். ஏதோ முறிகிற சத்தம் பொன்னுரங்கத்தின் கை வழியாகவே அவருக்குக் கேட்டது. "இந்த வாயிதானடா? எம் பொண்ணு குயிக்குள்ள எறங்கிப் பேசன வாயி இதானடா?" என்று கத்தினார். மார்பின் மேல் முழங்காலைப் போட்டு, இடது கையால் தொண்டையை அழுத்திக்கொண்டு, வலது கையால் குத்தினார். கோபம் மட்டும் இல்லை அது. மகளை இன்னொரு முறை லாரி இழுத்துக்கொண்டு போனது போல இருந்தது. இந்த முறை ஓட்டினவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான்.

பெரியவரே கை வைத்துவிட்டார் என்றதும் மற்றவர்களைக் கேட்பானேன். "காசுக்கு வித்துட்டியாடா நாயே!" என்று அசோகன் இடுப்பில் உதைத்தான். யாரோ டிவியைப் பிடித்து இழுத்து உடைத்தார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலியை மடக்கென்று முறித்து அதன் காலால் அடித்தார்கள். இன்றைக்கு வந்த ஆத்திரம் மட்டும் இல்லை; எத்தனையோ படங்களில் தங்கள் பேச்சைக் கேட்டு ஊரே சிரித்தபோது அடிக்க முடியாமல் போனவர்களுக்கெல்லாம் சேர்த்து விழுந்தது.

"மாமா, வுடுங்க! அவனுக்குத் தெரியாது மாமா!"

உமைமா. கல்லூரியில் படிக்கிற பெண், கார்குழலியின் தெருக்காரி. பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்துத் தொங்கினாள். அவர் உதறியதில் புத்தக அலமாரியில் போய் மோதி நெற்றி வெடித்து, மறுபடியும் வந்து பிடித்தாள்.

"டப்பிங்குல மொத்த சீனு காட்ட மாட்டாங்க மாமா! மூஞ்சி மட்டுந்தான் காட்டுவாங்க. ஒதடு எப்டி ஆடுதோ அதுக்கு ஏத்தா மாரி பேசணும், அவ்ளோதான். கொயந்த கீறதே அவன் இப்பத்தான் பாக்குறான். நான் அவன் மூஞ்சியப் பாத்துகினு இருந்தேன் மாமா!"

பொன்னுரங்கத்தின் கை மேலேயே நின்றது.

"உங்க ஏரியா மாரி எதுனா சொல்லுன்னு ஸ்டுடியோல சொன்னாங்களாம். உப்பாச்சி வாய்லேர்ந்து புடுங்கிட்டானுங்கோ, நான் வேற வாயில வச்சிட்டேன் உமைமா, எப்டியும் ஊரு பூரா கேக்கும்னான். கார்குழலிக்காக வச்சேன்னான். யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெயுத்து வாங்கிக்கினாங்களாம். என்னாண்ட மட்டும் சொன்னான்."

பொன்னுரங்கம் கீழே பார்த்தார். டில்லிபாபுவின் தாடை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. கண் மட்டும் அவரையே பார்த்தது.

அவர் நிறுத்தினாலும் கூட்டம் நிறுத்தவில்லை. யார் காதிலும் எதுவும் ஏறுகிற நிலையில் இல்லை. நாற்காலிக்கால் மறுபடியும் ஓங்கியது. பொன்னுரங்கம் அப்படியே அவன் மேல் கவிழ்ந்து படுத்தார். அடி அவர் முதுகில் விழுந்தது, பிடரியில் விழுந்தது. "வுடுங்கடா! நாந்தான் தப்பு! வுடுங்கடா!" என்று கத்தினார். கேட்கவில்லை. எழுந்து அசோகனின் மூக்கில் தலையால் முட்டினார். இன்னொருவனை மார்போடு சேர்த்துச் சுவரில் அறைந்தார். சற்று முன்னால் தனக்காக அடித்த பையன்களை ஒவ்வொருவராக அடித்துத்தான் டில்லிபாபுவை அவரால் வெளியே தூக்கி வர முடிந்தது.

ஆட்டோவில் உமைமா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நடுவில் டில்லிபாபு வாயில் துண்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதையோ சொல்ல முயன்றான். வந்தது ஒரு கொழகொழச் சத்தம்தான், அதில் ஒரு பல்லும் வந்தது. இனி இந்தத் தொண்டை பேசுமா என்று, அவன் கழுத்தில் தன் விரல்கள் பதிந்த தடத்தையே பொன்னுரங்கம் பார்த்தார். போன் அடித்தது. மனைவி ராஜாத்தி.

"இன்னாய்யா, டிவில நம்ப டில்லிதான பேசுச்சி?" என்றாள். "நான் அடுப்பாண்ட கீறேன், படம் பாக்கல. கொரலு மட்டுந்தான் வந்துச்சி. நம்ப பொண்ணக் கூப்ட்டா மாரியே இருந்துச்சிய்யா. ஒடம்பெல்லாம் சிலுத்துகிச்சி. புள்ளயக் கூட்டினு வா. வஞ்சிரம் வறுத்துகினு கீறேன், துன்னுட்டுப் போவட்டும்."

அவளே போனை வைத்துவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் தாடையைத் தொட்டுப் பார்த்து, இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது, கம்பி போட்டுக் கட்ட வேண்டும், நாக்கிலும் வெட்டு ஆழம் என்றார். தொண்டை? வீக்கம் வற்றட்டும், பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அடிதடி கேஸ் என்பதால் வாசலில் இருந்த போலீஸ்காரர் உள்ளே வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெயர், வயது, விலாசம் எல்லாம் உமைமாவிடம் கேட்டு எழுதிக்கொண்டார்.

"யாருப்பா அடிச்சது?"

உமைமா தன் நெற்றிக் காயத்தைத் துப்பட்டாவால் அழுத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். நாந்தான் சார் என்று சொல்ல வந்தார்; அதைச் சொல்லிவிட்டால் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கும் போல இருந்தது.

அதற்குள் கட்டிலிலிருந்து டில்லிபாபுவின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. வீங்கி, தோலுரிந்து, அவன் பல் பட்ட இடத்தில் இன்னும் கசிந்துகொண்டிருந்த, அவனைக் குத்திய அவருடைய கை அது. நகம் பதிகிற அளவுக்கு இறுக்கமான பிடி. காட்டிக்கொடுக்கிறானா, பேசாதே என்கிறானா? பொன்னுரங்கம் அவன் கண்ணைப் பார்த்தார். வீங்கி மூடியிருந்தது.

போலீஸ்காரர் பேனாவைத் தாளில் வைத்தபடி ஒருமுறை அவனைப் பார்த்தார், ஒருமுறை இவரைப் பார்த்தார். பேனா நின்ற இடத்தில் மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே இருந்தது. பிடி தளரவில்லை.