பாலிஷ் போட்ட கடிகாரம்

"இவ்வளவு இறுக்கியா கட்டுவே மோக்? அது வாட்ச்சா, விலங்காடா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடியே அப்பா, சிநேகிதர் கையில் கட்டியிருந்த வாட்ச்சைக் காட்டி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது, திட்டு மட்டும் நிற்கவில்லை. காலையிலிருந்து நர்ஸுக்குக் கிடைத்தது, அண்ணன் கின்ஃபாய்க்கும் கிடைத்தது. மகள் பூய்ஷான் கஞ்சிக் கிண்ணத்தோடு காத்திருந்தாள். அவள் கரண்டியை நீட்டியதும் அப்பாவின் குரல் இறங்கியது.

"நன்றிம்மா. உனக்குத்தான் சிரமம்."

தம் பூட்டுக்கடைக்குப் புதிதாய் வருகிறவர்களிடம் பேசுகிற குரல் அது. நாற்பது நாளாக அவளுக்கு அதுதான்.

அப்பா பதினோரு வருஷம் தேடி வாங்கிய கைக்கடிகாரம்தான் காரணம். அறுபது வருஷத்துப் பழசு, எஃகு. பாலிஷ் படாமல் இப்படி இன்னொன்று ஹாங்காங்கிலேயே கிடையாது என்பார். முதல் சொந்தக்காரர் கப்பல் இன்ஜினியராம். ஒவ்வொரு கீறலையும் பூதக்கண்ணாடியில் காட்டிக் கதை சொல்வார். நாற்பது நாளைக்கு முன், அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, ஆசை ஆசையாய், அவருக்குத் தெரியாமல் அதை எடுத்துப்போய்ப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். கீறல் ஒன்றுகூட இல்லை. கூரான விளிம்புகளெல்லாம் சோப்புக்கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. அப்பா வெகுநேரம் பார்த்தார். "அழகா இருக்கும்மா" என்று பெட்டியில் வைத்து மூடினார். அப்புறம் அதைக் கட்டவேயில்லை.

மோக் மாமா போனதும் அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, என்னையும் திட்டுங்களேன். அறிவிருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

"எதுக்கும்மா? நீ ஆசையாத்தானே செஞ்சே."

"ஆசையாத்தான் கெடுத்தேன். வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கஞ்சி நல்லா இருந்துச்சு. நன்றிம்மா."

சாயங்காலம் நாலரைக்கு உயிர் போனது. பாவி மனசு, அப்போதும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

இறந்தவரோடு எரித்து அனுப்பும் காகிதச் சாமான்கள் வாங்க மறுநாள் அண்ணனும் தங்கையும் போனார்கள். காகித வீடு, காகிதக் கார் எல்லாம் அண்ணன் எடுத்துவிட்டான்.

"வாட்ச் மட்டும் நீ பாரு பூய்."

கடைக்காரம்மா ஒரு பெட்டியைத் திறந்தாள். வெள்ளித்தாள் ஒட்டிய நாலு கடிகாரங்கள் மின்னின.

"கீறல் விழுந்தது இருக்கா?" என்று பூய்ஷான் கேட்டாள்.

"நல்லா கேட்டே போ! போறவருக்குப் புதுசா குடுத்து அனுப்புவியா, கீறல் விழுந்ததைக் குடுப்பியா?"

பூய்ஷான் காசை எடுத்து நீட்டினாள். பெட்டியை வாங்கிக்கொண்டு கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு கடிகாரத்தை எடுத்து, விளிம்போரமாக நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்தாள். வெள்ளித்தாள் சுருண்டு கிழிந்து, அடியிலிருந்த அட்டை தெரிந்தது.

அதை மடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். இன்னும் மெதுவாகக் கீறினாள். அதுவும் கிழிந்தது.